எந்த அவசரத்திலும் கசங்காத சேலை

அவருடைய சட்டைக் கழுத்துப்பட்டியின் உள்மடிப்பில் எப்போதும் ஏழு குண்டூசிகள் இருக்கும். எட்டாவது ஊசியை நான் கண்டதில்லை. ஆறு இருந்தால், ஒன்று அந்த நேரத்தில் எவருடைய தோளிலோ ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். படம் எடுத்து முடிந்ததும் முதலில் ஊசியைத் திருப்பி வாங்குவார். பிறகுதான் ஆளைப் போகவிடுவார்.

மட்டக்களப்புப் புளியந்தீவில் எல்லோரும் அவரைப் படக்காரர் என்றே அழைத்தார்கள். அறுபதுகளின் நடுப்பகுதியில் எனக்கு முதல் ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது, அவருடைய ஸ்டூடியோவின் பின்னறையை வாடகைக்கு எடுத்து மூன்று வருடமும் இரண்டு மாதமும் அங்கே இருந்தேன். அவருடைய அறைக்கும் என்னுடையதற்கும் நடுவில் பதினொரு பலகைகளால் ஆன ஒரு தடுப்பு. யார் படம் எடுக்க வந்தாலும் எனக்குக் கேட்கும். வந்தவர் மூச்சுவிடும் சத்தமும் படக்காரரின் ஒரே வாசகமும்தான் மாறி மாறிக் கேட்கும்.

"மடிப்புச் சரியில்ல. கொஞ்சம் இரிங்க."

மாணவன், மணமகள், அரசாங்கக் கச்சேரியின் பெரிய உத்தியோகத்தர், பாதிரியார் எல்லோருக்கும் அதே வாசகம். கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார், வெளியே எடுப்பார், வந்து முந்தானையை நீவுவார், திரும்பிப் போவார். ஒருமுறை ஒரு புதுத் தம்பதிக்கு இப்படி ஒன்பது தடவை நடந்ததை நான் எண்ணியிருக்கிறேன். ஒன்பதாவது தடவை மாப்பிள்ளை, நான் தாலி கட்டினதே இவ்வளவு நேரமில்லை என்று முணுமுணுத்தார். படக்காரர் கோபிக்கவில்லை. தாலியைக் கழுத்தில் கட்டுகிறீர்கள், கழுத்துக்கு வயதாகும், சுருங்கும்; என்னுடைய படத்தில் சுருங்காது, அதனால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னார்.

ஆனால் அவருடைய சொந்தச் சட்டை புளியந்தீவிலேயே மிகவும் கசங்கிய சட்டை. இஸ்திரிப்பெட்டியை அது கண்டதே இல்லை. ஏனென்று கேட்டேன். தான் யாருடைய படத்துக்குள்ளும் வருவதில்லையே என்றார்.

மட்டக்களப்புப் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் இறந்தால், அடக்கத்துக்கு முன் உடலை நடுவில் வைத்துக் குடும்பம் முழுவதும் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். பலருக்கு வாழ்க்கையில் எடுக்கப்பட்ட ஒரே படமும் அதுதான். படக்காரர் வந்துசேரும்வரை பிரேதத்தை எடுக்கமாட்டார்கள். செட்டிபாளையத்தில் ஒரு மரணவீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். கமராவின் முக்காலியைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. மதிய வெயில், முற்றத்தில் நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம். இறந்தவர் வயல் செய்த ஒரு கமக்காரர். பெண்கள் அவர்மேல் விழுந்து அழுததில் வேட்டி முழங்காலுக்கு ஏறிச் சுருண்டிருந்தது. படக்காரர் முழங்காலில் உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துவிட்டார். கரையைக் கணுக்காலுக்கு நேராக வைத்தார். சட்டைக் கையை நீவினார். இறந்தவரின் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

"பொணத்துக்கு என்னத்துக்கு மடிப்பு?"

படக்காரர் நிமிராமலே பதில் சொன்னார். "படத்துக்குள்ள கசங்கினது கசங்கினதுதான் தம்பி. மறுகா ஆர் போய் நீவி விடுற?"

அழுதுகொண்டிருந்த மனைவி சட்டென்று நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சேலையையும் சரி செய்தார். பிறகு கணவரின் தலைமாட்டில் போய் நின்றார். அந்தப் படத்தை நான் பிறகு அந்த வீட்டில் பார்த்தேன். அந்த மனிதர் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, பஸ் வரும்வரை கொஞ்சம் படுத்திருப்பவர்போல் இருந்தார். அன்றிலிருந்து படக்காரரின் மடிப்புப் பைத்தியத்தை நான் கேலி செய்வதை விட்டேன். அதில் ஒரு கருணை இருக்கிறது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் என்னுடைய கஷ்டம்.

மாரிகாலத்தில் வெளிச்சம் இல்லாத நாட்களில் ஸ்டூடியோவுக்கு யாரும் வரமாட்டார்கள். அப்படி ஒரு மத்தியானம் அவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிப் பிளேட்டை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் படம் முதலில் கண்ணாடியில்தான் விழும். வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும். அதிலிருந்துதான் கடதாசியில் எடுப்பார்கள். அந்தப் பிளேட்டிலிருந்து எடுத்த ஒரு சிறிய கடதாசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தார்.

இரண்டாவது உலக யுத்த காலத்தில், யப்பான்காரனின் விமானங்கள் கடலுக்கு மேலே வந்த நாளில் எடுத்த படம். கடல் பக்கமிருந்து முழக்கம் கேட்க, ஊர் முழுவதும் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்கு ஓடியது. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்டூடியோ எரிந்துபோகும் என்று பயந்து, கைக் கமராவையும் ஒரு பெட்டிப் பிளேட்டையும் தூக்கிக்கொண்டு தோணித்துறையில் நின்றிருக்கிறார். கரையோரமாக ஒரு பெண் ஓடி வந்தாள். எடுத்துவிட்டார்.

"ஏன் எடுத்தனெண்டு எனக்கே தெரியா மனே. கை எடுத்திட்டுது."

நான் படத்தைப் பார்த்தேன். என் பழக்கத்தின்படி எண்ணினேன். மூன்று தோணிகள். முதுகு காட்டி நிற்கும் பதினொரு பேர். ஒரு நாய். வாவிப் பக்கம் சாய்ந்த ஒரு மரம். நடுவில் அந்தப் பெண், வாய் திறந்தபடி, தலைமயிர் அவிழ்ந்து, இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு. ஓடிய வேகத்தில் கால்கள் இரண்டும் கலங்கியிருந்தன. எல்லாவற்றையும் எண்ணி முடித்து, நல்ல படம் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவருடைய விரல் பெண்ணின் இடது தோளில் நின்றது. அங்கே முந்தானை அள்ளிச் சுருட்டியதுபோல் ஒரே இடத்தில் குவிந்து கசங்கிக் கிடந்தது.

"இருவத்தி நாலு வருசம் இதைப் பாத்துக்கொண்டு இரிக்கன். ஒரே ஒரு ஊசி குத்தியிருந்தாக் காணும்."

தன் வாழ்க்கையில் மடிப்பைச் சரி செய்யாமல் எடுத்த ஒரே படம் அதுதான் என்றார். அந்தப் பெண் யார், பிறகு என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஊரின் பெரிய சீலைக்கடை முதலாளி வந்தார். கொழும்பிலிருந்து நைலோன் சேலைகள் இறக்கியிருந்தார். ஆங்கில வருடப் பிறப்புக்குக் கலண்டர் போடவேண்டும், அதில் ஒரு பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்றார். அப்போது எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் கடைக் கலண்டரில் நிற்பாள்? இரண்டு வீடுகளில் கேட்டார்கள். ஒரு வீட்டில் தகப்பன் வாசல் படலையைப் பூட்டினார். மற்ற வீட்டில் தேநீர் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த அந்தச் சிறிய படம் முதலாளியின் கண்ணில் பட்டது. வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் காரிலிருந்து ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை எடுத்து வரச் செய்து விரித்தார். இடிந்த சுவர், முள்ளுக்கம்பி, தொப்பி போட்ட இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் புதுக் கவுனோடு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அங்கயெல்லாம் இப்ப இப்பிடித்தான் உடுப்பு விக்கிறாங்க. சும்மா பூந்தோட்டத்தில நிண்டா ஆர் பாக்கிற? ஓடுறவளை எல்லாரும் பாப்பாங்க."

அவருடைய யோசனை சுலபமானது. படக்காரர் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தூரிகையால் நிறம் தீட்டுவதில் கெட்டிக்காரர். அந்தப் பெண்ணின் பழைய சேலைக்கு மேலே புதுச் சேலையைத் தீட்டிவிட்டால் போதும். யாரையும் கேட்கவேண்டியதில்லை.

நான் அங்கேயே இருந்தேன். உயிர் தப்ப ஓடிய ஒருத்தியை வைத்துச் சேலை விற்பது சரியா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. முதலாளி சிரித்தார். மாஸ்டர், யுத்தம் முடிந்து எவ்வளவு காலம், அவள் யாரென்று யாருக்குத் தெரியும், யாருக்கு இதில் நட்டம் என்றார். இந்த மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாததால் அவை நியாயமான கேள்விகள் என்று எடுத்துக்கொண்டேன்.

படக்காரர், முதலாளி கொண்டுவந்திருந்த புதுச் சேலையின் துணியை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கசக்கினார். விட்டார். சுருக்கம் விழவில்லை. அவர் முகம் மாறியதை நான் கண்டேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்ட பிள்ளையின் முகம். முதலாளியின் பேச்சு அவரை வென்றதாக நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அந்தத் தோள்தான் வென்றது.

முதலாளி புறப்படுமுன் என்னைப் பார்த்து, தமிழ் படிப்பிக்கிறீர்கள்தானே, படத்துக்குக் கீழே போட ஒரு வரி தாருங்கள் என்றார். அந்தத் துணியையும் அந்தப் பெண்ணையும் பார்த்து அப்போதே சொன்னேன்: எந்த அவசரத்திலும் கசங்காத சேலை. நான்கு சொற்கள். முதலாளி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிள்ளையில்தான் சிக்கல் வந்தது. நிறம் தீட்டத் தொடங்கியபோது, பிள்ளையின் உடம்பும் காலும் சேலையின் கரையை முக்கால்வாசி மறைத்தன. கரைதான் அந்தச் சேலையின் அழகு என்று முதலாளி ஆள் அனுப்பிச் சொன்னார். பிள்ளையை எடுத்துவிடும்படியும், பின்னால் கொஞ்சம் புகை போடும்படியும், அந்தப் பெண்ணின் வாயை மூடிவிடும்படியும் சொல்லியனுப்பினார். புகையும் வாயும் தூரிகை வேலை. பிள்ளையை எடுப்பது அப்படியல்ல. அதைக் கண்ணாடியில் கத்தியால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

வழக்கமாக இந்தமாதிரி வேலைக்கு மூலப் பிளேட்டைத் தொடமாட்டார். இன்னொரு பிளேட்டில் நகல் எடுத்து, நகலில்தான் கத்தி வைப்பார். ஆனால் அந்த வருடம் வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தட்டுப்பாடு. அலுமாரியில் ஒன்பது பிளேட்டுகள் மட்டும் இருந்தன. கொழும்பிலிருந்து எப்போது வருமென்று தெரியாது. ஒன்றை நகலுக்குச் செலவழித்தால் ஒரு மரணவீட்டுக்கு இல்லையென்று சொல்ல வேண்டிவரும் என்றார்.

"இது ஒண்டுதானே இரிக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டுதான். அதுதான் கவனமாச் செய்யிறன்."

முன்பு எடுத்த அந்தச் சிறிய கடதாசிப் படத்தில்தான் நிறங்களைப் பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏற்கனவே பிள்ளைக்கு மேலே ஆறு நிறம் ஏறியிருந்தது.

நான்கு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து யன்னலோரம் நின்று பார்த்தேன். முதல் நாள் கால்கள் போயின. இரண்டாம் நாள் உடம்பு. மூன்றாம் நாள் தலை. நான்காம் நாள் பிள்ளையின் கையை, அந்தப் பெண்ணின் தோள்வரை சுரண்டினார். மெல்லிய தூசு விழுந்தது. அவர் வாயால் ஊதினார். பிறகு புதிதாக எடுத்த பெரிய கடதாசிப் படத்தில் சேலையைத் தீட்டினார். கடைசியாகத் தோளுக்கு வந்தார். அந்தக் கசங்கலுக்கு மேலே ஒரே இழுப்பில் நீளமான ஒரு மடிப்பை இறக்கினார். எழுந்து பின்னால் போய் நின்று பார்த்தார்.

"இப்பதான் அவள் ஒழுங்கா இரிக்காள்."

ஆயிரம் கலண்டர் அச்சானது. சலூனில், பங்கீட்டுக் கூப்பன் கடையில், தபால் கந்தோரில், நாவற்குடாவில் என் தமக்கை வீட்டில் என்று பதினேழு இடத்தில் கண்டேன். பெண்கள் கடைக்குப் போய் ஓடுற சீலை இருக்குதா என்று கேட்டு வாங்கினார்கள். என் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஓட்டப்போட்டியில் என் நான்கு சொற்களைச் சொல்லிச் சொல்லி ஓடினார்கள். நானும் சிரித்தேன்.

பங்குனி மாதம், சனிக்கிழமை காலை பத்து மணிபோல், ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா ஸ்டூடியோவுக்குள் வந்தார். கையில் சுருட்டிய கலண்டர். அவருடைய வலது முழங்கை நேராகவில்லை. சிறுவயதில் முறிந்து கோணலாகப் பொருந்திய கை. படக்காரர் இருங்கள் என்று கதிரையைக் காட்டினார். வழக்கப்படி அவருடைய கண் முதலில் அந்த அம்மாவின் முந்தானைக்குப் போனது. அவர் உட்காரவில்லை. கலண்டரை மேசையில் விரித்து, படத்திலுள்ள பெண்ணின் வலது கையில் விரல் வைத்தார். அந்த முழங்கையும் கோணலாகத்தான் இருந்தது. ஓடும் கை என்று நினைத்து அதை மட்டும் படக்காரர் திருத்தாமல் விட்டிருந்தார்.

"இது நான் அண்ணன். இந்தத் துறையும் இந்த மரமும் எனக்குத் தெரியும்."

படுவான்கரையில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அன்றைக்கு ஓடியவர் அங்கேயே தங்கிவிட்டார்; புருஷன் அந்தப் பக்கத்து வட்டையில் வயல் செய்கிறார். துறையடித் தேத்தண்ணிக் கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது இந்தக் கலண்டரைக் கண்டதாகச் சொன்னார். அந்தக் கடைக்காரர் தரமாட்டேன் என்றதால், இதை இன்னொரு வீட்டில் இரவல் வாங்கி வந்திருக்கிறார். துறையில் ஒருவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தது நினைவிருக்கிறதாம். வெள்ளைக்காரனின் ஆள் என்று நினைத்தாராம். படம் என்று நினைக்கவில்லையாம்.

படக்காரர் எழுந்து நின்றார். ஏதோ மன்னிப்புப்போல, கேட்காமல் போட்டுவிட்டோம், முதலாளியிடம் சொல்லி ஒரு சேலை வாங்கித் தருகிறேன் என்று தொடங்கினார். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"இந்த இடுப்பில என்ட மகள் இருந்தா. இதில இல்ல. உங்களிட்ட இருக்கிறதில இருப்பாதானே?"

படுவான்கரை போன எட்டாம் நாள் பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டது. வேறு பிள்ளை பிறக்கவில்லை. படம் ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு படம் இருக்கிறதென்று தெரிந்திருந்தால் முன்னமே வந்திருப்பேன் என்றார். பிள்ளையோடு உள்ள படம் ஒன்று வேண்டும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்.

படக்காரர் என்னைப் பார்த்தார். நான் பலகைத் தடுப்பைப் பார்த்தேன். பிறகு அவர் சொன்னார். மெதுவாக, ஒளிக்காமல் சொன்னார்: பிள்ளையைக் கண்ணாடியிலிருந்தே சுரண்டிவிட்டேன், வேறு பிளேட் இல்லை. அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. சுரண்டியதைத் திருப்பி ஒட்டமுடியாதா என்று கேட்டார். முடியாது என்றதும் கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்க முகத்தைச் சொல்லுங்க, நான் வரைஞ்சு தாறன்," என்றார் படக்காரர். தூரிகையைக்கூட எடுத்துவிட்டார்.

"முகம் எனக்கு ஞாபகமில்ல அண்ணன். அதுக்குத்தானே வந்த நான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா மாஸ்டர், அவ என்ன மாதிரி இருந்தா என்று கேட்டார். மூன்று தோணி இருந்தது, பதினொரு பேர் முதுகு காட்டி நின்றார்கள், ஒரு நாய் நின்றது. பிள்ளை ஒன்று. ஒன்று என்று எண்ணியிருந்தேன். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. கண் எப்படி, மூக்கு எப்படி, அழுததா என்று எனக்குத் தெரியவில்லை. சரியாகக் கவனிக்கவில்லை அம்மா என்றேன்.

அவர் கலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

வாசித்தேன். என் குரல் எனக்கே வகுப்பில் வாசிப்பதுபோல் கேட்டது.

"அண்டைக்குச் சீலை நல்லாக் கசங்கின," என்றார். "அவ பிடிச்ச பிடி அப்பிடி. ஓடி முடிஞ்சும் கையை விடல்ல."

படக்காரர் தூரிகையை மேசையில் வைத்தார். மரப்பெட்டியைத் திறந்து பிளேட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியைத் தோளுக்கு மேல் வைத்தார். பிறகு இரண்டையும் என்னிடம் நீட்டினார். புதுச் சேலை கடதாசியில்தான் தீட்டப்பட்டிருந்தது. கண்ணாடியில் பழைய தோள் தொடப்படாமல் இருந்தது. அந்தக் குவிந்த கசங்கலுக்குள், துணி மடிப்புகளோடு மடிப்பாக, சின்ன விரல்கள். நான்கு. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. கத்தி கை முழுவதையும் எடுத்துவிட்டுத் தோளில் நின்றிருக்கிறது. அது சேலையின் கசங்கல் என்று நினைத்து அவர் விட்டிருக்கிறார். இருபத்து நான்கு வருடம் அவரை உறுத்தியது அந்தப் பிள்ளையின் பிடி.

அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, உள்ளங்கை அளவு படம் ஒன்று எடுத்துக் கொடுத்தார். காய்வதற்கு ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. அந்த அம்மா படத்தை வாங்கி, இதுதான் என்றார். அழவில்லை. தலைப்பில் முடிந்துகொண்டு, இரவல் கலண்டரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் இருவரும் கலண்டரைத் திருப்பி வாங்கப் புறப்பட்டோம். முதலாளி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கடைக்கு மரியாதையில்லை என்று கையை விரித்தார். மற்றவர்கள் மறுத்ததற்குக் காரணம் இன்னும் எளிமையானது. இதைத் தந்தால் நாங்கள் எதில் திகதி பார்ப்பது, ராகுகாலம் எதில் பார்ப்பது என்று கேட்டார்கள். வருடம் முடியட்டும் மாஸ்டர், தாறம் என்றார்கள். என் தமக்கைகூடத் தரவில்லை. நான் கண்ட பதினேழில் மூன்றுதான் கிடைத்தது. ஆயிரத்தில் மூன்று. வருடம் முடிந்ததும் பலர் திகதித் தாள்களைக் கழித்துவிட்டுப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

அந்த வருடம் முழுவதும் படக்காரர் படம் எடுத்தார். ஆனால் ஒருவரையும் தொடவில்லை. பலகைத் தடுப்புக்கு அப்பால், கொஞ்சம் இரிங்க என்ற குரல் கேட்கவில்லை. ஆட்கள் குறை சொன்னார்கள், படக்காரருக்குக் கண் மங்கிப்போச்சு என்றார்கள். ஒரு மணமகளின் தாய் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து எறிந்தார். கழுத்துப்பட்டியில் ஏழு ஊசியும் எந்நேரமும் இருந்தன.

அடுத்த தை மாதம், துறையடிக் கடைக் கலண்டரையாவது வாங்குவோம் என்று தோணியேறிப் போனோம். அந்த அம்மா வாரம் ஒருமுறை மண்ணெண்ணெய்க்காக அதன் கீழே நிற்கவேண்டியிருந்ததே என்ற நினைப்பு எங்களை விடவில்லை. கடைக்காரர், வருடக் கடைசி நாளில் அந்த அம்மாவே வந்து கேட்டு வாங்கிப் போய்விட்டார் என்றார். எரித்திருப்பார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். படக்காரர் படலையிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மாதான், உள்ளுக்கு வாங்க அண்ணன், தேத்தண்ணி வைக்கன் என்று கூப்பிட்டார்.

மண்சுவரில் கலண்டர் தொங்கியது. திகதித் தாள்கள் கழிக்கப்பட்டிருந்தன. கீழே இருந்த என் நான்கு சொற்களும் கடைப் பெயரோடு வெட்டப்பட்டிருந்தன. வாய் மூடிய பெண் புகைக்கு முன்னால் புதுச் சேலையில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடுப்பில், பிள்ளை இருந்த இடத்தில், அந்த உள்ளங்கை அளவுப் படம் ஒட்டப்பட்டிருந்தது. அவளுடைய தலையைவிடப் பெரிய ஒரு பிள்ளைக் கை, கசங்கிய துணியை இறுக்கிப் பிடித்தபடி.

கஞ்சியால் ஒட்டியிருந்ததால் கடதாசி பொங்கி, கையின் மேலே மூன்று சுருக்கங்கள் விழுந்திருந்தன.

"கஞ்சி கூடிப்போச்சு," என்றார் அந்த அம்மா, கோப்பையோடு வந்துகொண்டே. "எனக்கு ஒழுங்கா ஒட்டத் தெரியா."

படக்காரரின் வலது கை எழுந்தது. அந்தச் சுருக்கங்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அந்தக் கையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.